நாலாம் மாடிக்குப் போன கோழி

நாலாம் மாடிக் கயிறு பதினெட்டு நாளாகக் கீழே இறங்கவில்லை.

என்ன கயிறு என்று ரங்கூனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலும் மதுரையிலும் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கியாக்டடா பக்கம் கட்டடங்கள் எல்லாம் ஆறு மாடி, எட்டு மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டோ ஒரு ஆள் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு நைலான் கயிறு தெரு வரைக்கும் தொங்கும். கீழ் நுனியில் பேப்பர் கிளிப், மேல் நுனியில் ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டி ஒரு இழுப்பு இழுப்பார். மேலே மணி அடிக்கும், கயிறு ஏறும். மருந்து, கொத்தமல்லி, கல்யாணப் பத்திரிகை, வாசல் சாவி... எல்லாமே கயிற்றில்தான்.

நான் இருப்பது முதல் மாடி. மேலே போகும் எதுவும் என் மூக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு பத்தி எழுத்தாளருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை, உடம்பு சரியில்லையா என்று சில வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதி அனுப்பிய பத்தியை நானேதான் நிறுத்தச் சொன்னேன். அது ரொம்ப வேடிக்கையான பத்தி. அந்த வேடிக்கை எங்கே போய் நின்றது என்பதை இந்த வாரம் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நாலாம் மாடி என்பதும் நாலாம் மாடி இல்லை.

முதலில் புத்தகம்.

சர்ட்டிஃபிகேட், பத்திரம், மனு இவற்றை மொழிபெயர்ப்பதுதான் என் தொழில் என்பது உங்களுக்குத் தெரியும். ஆபீசுக்குப் போகிற வழியில் பிளாட்பாரப் பழைய புத்தகக் கடை ஒன்று. ஆடி மாதம் பிறந்த வாரம், மழைக்காகப் போட்ட பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் அட்டை இல்லாத ஒரு புத்தகம் கிடந்தது. ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய பேச்சில் உள்ள சொற்களுக்கு அகராதி. எங்கள் ஆட்கள் இங்கே அலோன் ஆற்றங்கரையில் அரிசி மூட்டை தூக்கிய காலத்தில், அந்த மூட்டைகளை எண்ணிய துரைமார்களில் பாதிப்பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். எந்தத் துரை விட்டுப்போனதோ... வாங்கிக்கொண்டேன்.

அதில் எனக்குப் பிடித்தது குற்றவாளியின் கூட்டாளிகளுக்கான சொற்கள்தான். எத்தனை விதம்! திருடுவதற்குத் திட்டம் போட்டவன், கூடப் போனவன் எல்லாருக்கும் சேர்த்து 'ஆர்ட் அண்ட் பார்ட்'. அந்தப் பட்டம் கிடைத்தால் கத்தியைப் பிடித்தவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. திருட்டுப் பொருளை வாங்கி வைப்பதும், தேடப்படுகிறவனுக்கு வீட்டில் இடம் கொடுப்பதும் 'ரீசெட்'. அப்புறம் 'மாரோ' என்று ஒரு சொல். ஜோடிச் செருப்பில் ஒன்றுக்கு இன்னொன்று மாரோ. வேலையில் கூட நிற்கிறவன் மாரோ. புருஷனுக்குப் பெண்டாட்டி மாரோ. கொள்ளைக்குக் கூட வருகிறவனும் மாரோதான்.

இது எனக்கு ரொம்பத் தெரிந்த விஷயமாகப் பட்டது. சென்னைப் பேப்பர்களில் கூட்டாளி என்றால் போலீஸ் பிடித்த ரவுடியின் கூட்டாளி. எங்கள் ரங்கூன் தமிழில் கூட்டாளி என்றால் சிநேகிதர், அவ்வளவுதான். "இவுங்க என் கூட்டாளி" என்று தோழி ஒருத்தி என்னை அறிமுகப்படுத்தியபோது சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

ஆக, சொற்கள் தயார். பத்திக்குச் சம்பவம்தான் வேண்டும். அது கயிற்றில் வந்தது.

நாலாம் மாடியில் இருப்பவர் ராஜம் அக்கா. அரசாங்கக் காகிதங்களில் பர்மியப் பெயர், டோ தின் தின். எங்கள் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு. வயது அறுபத்து மூன்று. புருஷன் பர்மாக்காரர், புத்த மதம், காலமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. ஆடி பிறந்தால் அம்மனுக்காக அக்கா கறி மீன் தொடமாட்டார். அதே சமயத்தில் பர்மாக்காரர்களின் வாசோ விரதமும் ஆரம்பிக்கும். அது மூன்று மாதம். புருஷன் வழி விரதத்தையும் தன் வழி விரதத்தையும் ஒன்றாகச் சேர்த்து, மழைக்காலம் பூராவும் சைவம்... முப்பது வருஷமாக அப்படித்தான். எங்கள் கட்டடத்தில் இது காலண்டர். அக்கா பூசணிக்காய் வாங்க ஆரம்பித்தால் ஆடி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவரின் கயிற்றில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல், சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று ஏறியது. தெருமுனை டான்பௌ கடைப் பை. டான்பௌ என்றால் நம் பிரியாணியின் பர்மிய அவதாரம் — நெய், ஏலக்காய், அடியில் ஒரு முழுக் கோழித் தொடை. என் பால்கனியைத் தாண்டும்போது பை ஒரு கணம் நின்றது. வாசனையே சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஏறியது. அடுத்த செவ்வாய், மறுபடியும்.

நான் சிரித்தேன். வீட்டில் தனியாக, காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, நன்றாகவே சிரித்தேன். முப்பது வருஷ விரதம் கயிற்றில் ஏறிப் போகிறதே என்று. பத்தி மண்டைக்குள் தானாக எழுதிக்கொண்டது: முதல் குற்றவாளி அக்கா. டான்பௌ கடைக்காரர் ஆர்ட் அண்ட் பார்ட். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் நான் ரீசெட். கயிறு, எல்லாருக்கும் மாரோ.

வாயைப் பொத்திக்கொண்டு மட்டும் இருந்திருந்தால்...

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பத்தியையும் எழுதுவதற்கு முன் நாலு பேரிடம் வாயால் சொல்லிப் பார்ப்பேன். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று கவனிப்பேன். சிரித்த இடத்தை வைத்துக்கொள்வேன். கொட்டாவி வந்த இடத்தை வெட்டுவேன். பதினோரு வருஷமாக இந்தப் பக்கம் இப்படித்தான் ஓடுகிறது. நீங்கள் சிரித்த இடங்களில் எல்லாம் உங்களுக்கு முன்னால் இங்கே யாரோ நாலு பேர் சிரித்திருக்கிறார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மன் கோயிலில் அன்னதானம். அதற்கு முதல் நாள் காலை, மடப்பள்ளிக்குப் பின்னால் தார்ப்பாய் விரித்து நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் காய் நறுக்க உட்கார்ந்தோம். அக்காவும் இருந்தார், எனக்கு நேர் எதிரே, பூசணிக்காய் அரிந்துகொண்டு. என் பக்கத்தில் தனம். தனத்தின் வீட்டுக்காரர் எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் பத்து வீட்டுத் தலைவர். வார்டு ஆபீசுக்குக் கீழே, பத்து வீட்டுக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள், யார் வருகிறார்கள், எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு. இந்தக் காலத்தில் யாரும் விரும்பி எடுக்காத பதவி. அவரும் விட்டுவிடப் பார்த்தார். விடவில்லை.

ஆள் முன்னாலேயே கிண்டல் செய்தால்தானே சுவை? நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, செவ்வாக்கிழமை உங்க கயித்துல டான்பௌ கடைப் பை ஏறிச்சே. உள்ள என்ன, சாம்பார் சாதமா?"

அக்காவின் அரிவாள்மணையில் பூசணித் துண்டு பாதியில் நின்றது. அதிகம் போனால் இரண்டு விநாடி. அப்புறம் சிரித்தார்.

"ஆமாடி, தின்னேன். வயசாச்சு, நாக்கு அடங்க மாட்டேங்குது."

தார்ப்பாய் முழுக்கச் சிரிப்பு. நான் விடவில்லை. ஆர்ட் அண்ட் பார்ட், ரீசெட், மாரோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். தனத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அக்கா, நான் சமைச்சு எடுத்தாறேன். கடைக் கோழி எதுக்கு?" என்றாள். அக்கா அம்மன் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கும் ஒரு சுற்று சிரித்தோம். அந்த இடத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பத்தியை எழுதி முடித்தேன். பகல் இரண்டரை மணிக்குக் கரண்ட் வந்ததும் ஆசிரியருக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு டீ போட அடுப்பைப் பற்றவைத்தபோது படிக்கட்டில் சத்தம் கேட்டது.

ஷூ சத்தம்.

எங்கள் ஊரில் எல்லாரும் செருப்புதான். நான்கு ஜோடி ஷூ ஒன்றாகப் படியேறினால் ஒவ்வொரு மாடியிலும் பேச்சு நின்றுவிடும். சத்தம் என் வாசலைத் தாண்டிப் போனதும் எனக்கு வந்தது நிம்மதிதான். அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடு இல்லை என்ற நிம்மதி.

பத்து நிமிஷம் கழித்து இறங்கினார்கள். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். நடுவில் ஒரு இளைஞன். முப்பதுக்குள் இருக்கும். மெலிந்து, வெளுத்து, ரொம்ப நாள் வெயில் படாத முகம். லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, பத்திரமாகப் படி பார்த்து இறங்கினான். பின்னால் ராஜம் அக்கா. கையில் அவனுடைய சட்டை. அவனுக்குச் சட்டை போட்டுக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

யார் இந்தப் பையன் என்றுதான் முதலில் யோசித்தேன். அடுப்பில் டீ பொங்கி வழிந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கோழி தின்றது அக்கா இல்லை.

மற்றதெல்லாம் பின்னால் தெரிந்தது. அவன் பெயர் சேகர். அக்காவின் தங்கை மகன். ஊர்க்கோடியில் இருக்கும் மிங்கலாடோனில் மோட்டார் மெக்கானிக். படையில் சேரச் சொல்லி இங்கே வாலிபர்களின் பெயர்கள் பட்டியலாக வருகின்றன. பெயர் வந்தவர்களில் சிலர் போகிறார்கள். சிலர் எல்லை தாண்டுகிறார்கள். சிலர் பெரியம்மா வீட்டுக்கு வருகிறார்கள். சேகர் ஏழு வாரமாக எங்கள் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறான். எங்கள் ஊரில் ஒரு வீட்டில் ஒரு இரவு படுப்பது சொந்தத் தங்கையாக இருந்தாலும் வார்டு ஆபீசில் விருந்தாளிப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். சேகரின் பெயரை எப்படி ஏற்றுவது? ஒரு பட்டியலிலிருந்து தப்பி வந்தவனை இன்னொரு பட்டியலில் யார் எழுதுவார்கள்?

நடுவில் அவனுக்கு டெங்கு. டாக்டரைக் கூப்பிட முடியாது. ஜுரம் விட்ட பிறகு எழுந்து நிற்கத் தெம்பில்லை. பூசணிக்காயும் பருப்பும் இறங்கவில்லை. வீட்டில் கோழி சமைத்தால் படிக்கட்டு முழுக்க வாசனை வரும், விரத மாதத்தில் அக்கா வீட்டில் என்ன கோழி என்று கேள்வி வரும். மூடிய பையில் கடைச் சோறு என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருக்கிறார். முதல் மாடியில் நான் இருப்பதை மறந்துவிட்டார்.

விரதம் இல்லாத ஒரு சாதாரணப் பெண்பிள்ளையாக இருந்திருந்தால் யாரும் அந்தப் பையைக் கவனித்திருக்க மாட்டார்கள். முப்பது வருஷ ஒழுக்கம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. அந்த ஒழுக்கத்தை வைத்து வேடிக்கை செய்தது நான்.

தனம் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். செவ்வாய்க்கிழமை பகல் கோழிக் குழம்பு வைத்து, டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறியிருக்கிறாள். விரதம்தான் விட்டாச்சே, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று. தண்ணீர் பாட்டில்காரர் வருகிற நேரம். பாட்டிலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறவர், அவர்தான் என்று நினைத்து அக்கா கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தரையில் உட்கார்ந்து சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தனம் கேரியரை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். பட்டப்பகலில் சேகரை வேறு எங்கே அனுப்புவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

அவளைத் திட்ட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. முடியவில்லை. அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், இருபத்து இரண்டும் இருபத்து நாலும். வீட்டுக்காரர் பத்து வீட்டுத் தலைவர். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தது பின்னால் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். அப்புறம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரா என்று தெரியாது. கோழிக் குழம்போடு படி ஏறியபோது அவள் சிநேகிதி. படி இறங்கும்போது என்னவாக இறங்கினாள்? அவளை அந்தப் படியில் ஏற்றியது யார்?

அன்று சாயங்காலமே ஆசிரியருக்குப் போன் செய்து பத்தியை நிறுத்தச் சொன்னேன். படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேனே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு தகவல் பிழை இருக்கிறது என்றேன்.

பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தேன். படிக்காமல் தாண்டியிருந்த பக்கம் ஒன்று இருந்தது. நீளமான விளக்கம், வேடிக்கை எதுவும் இல்லை என்பதால் தாண்டியிருந்தேன். 'இன்டர்கம்யூனிங்' என்று சொல். சில நூறு வருஷங்களுக்கு முன் அங்கே அரசாங்கம் சிலரை விரோதிகள் என்று பறையடித்துச் சொல்லிவிடும். அப்படிச் சொல்லப்பட்டவருக்குச் சோறு கொடுத்தால் குற்றம். தண்ணீர் கொடுத்தால் குற்றம். படுக்க இடம் கொடுத்தால், சேதி கொண்டுபோனால் குற்றம். எதிரே பார்த்து இரண்டு வார்த்தை பேசினால்கூட, பேசியவரும் அவரைப் போலவே குற்றவாளி. பெற்ற தாயும் இதற்கு விலக்கில்லை.

ரீசெட் என்று நான் தார்ப்பாயில் உட்கார்ந்து கிண்டலாகச் சொன்ன சொல்லுக்காக அந்த ஊரில் ஆட்கள் வீடு வாசலை இழந்திருக்கிறார்கள். ஆர்ட் அண்ட் பார்ட்டுக்குத் தூக்கில் தொங்கியிருக்கிறார்கள். ஏன் அத்தனை சொற்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டவர்கள் அதிகம் இருந்ததால் அல்ல. ஒரு ஆளைப் பிடிக்க வேண்டுமென்றால் அவனுக்குச் சோறு போடுகிறவர், கதவு திறக்கிறவர், பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். ஊர் நன்றாக இருக்கும்போது அவர்களுக்குப் பெரியம்மா, கூட்டாளி, கடைக்காரர் என்று பெயர். ஊர் கெட்டுப்போனால் அதே ஆட்கள் குற்றப்பத்திரிகையில் வந்துவிடுவார்கள்.

அக்காவை மறுநாள் மதியம் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். விருந்தாளியைப் பதியாத குற்றத்துக்கு உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்கள். சேகரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது. அக்கா கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி வைத்துவிட்டார். பேப்பர்காரர் கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் படியேறிப் போயிருக்க வேண்டும். மூன்று மாடி... எட்டு நாள் ஏறவில்லை. காய்கறிக்காரர் அக்காவைப் பற்றிக் கேட்டபோது தெரியாது என்றேன். கோயிலுக்கும் போகவில்லை. தனமும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் பகல் அக்காவே இறங்கி வந்தார். கையில் ஒரு ஃபைல். சேகரின் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவனை விட்டால் ஆள் இல்லை, அதைக் காட்டி மனு எழுத வேண்டும். நல்ல பர்மியில், மரியாதையாக எழுத வேண்டும். அதற்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள் என்று வந்திருக்கிறார்.

ஃபைலில் அக்கா கையெழுத்துப் போட்ட உறுதிமொழியின் நகலும் இருந்தது. படித்தேன். 'மேற்படி நபரை வீட்டில் வைத்திருந்தது நான் ஒருத்தி மட்டுமே. வேறு யாரும் உதவவில்லை. வேறு யாருக்கும் தெரியாது.'

டான்பௌ கடைக்காரருக்குத் தெரியாதா என்று கேட்டேன். எதையாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"ஒத்தை ஆளுக்கு ரெண்டு ஆள் சோறு வெச்சுக் கட்டினான். ஏன்னு ஒரு நாளும் கேக்கல. அவ்வளவுதான்" என்றார்.

அந்தக் கடைக்காரரும் நானும் ஒரே பையைத்தான் பார்த்தோம்.

இதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, எல்லாம் என்னாலதான். அன்னிக்குக் கோயில்ல..." என்று ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஃபைலின் நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டினார்.

"தெரியும் வள்ளி. நீ கேட்டதும் எனக்குக் கையெல்லாம் விறைச்சுப் போச்சு. சிரிக்கலைன்னா யாராச்சும் ஏன்னு யோசிப்பாங்க. அதான் சிரிச்சேன். அம்மனுக்கு முன்னாடி தின்னேன்னு பொய் சொன்னேன். எல்லாரும் சிரிச்சப்ப, அப்பாடா, புள்ளை தப்பிச்சான்னு நெனைச்சேன்."

நான் அழுதேன். அக்கா அழவில்லை. மனுவை இன்றைக்கே எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

எழுதினேன். என் தொழிலில் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மனு எழுதியதில்லை. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டுகள், வீட்டில் யார் யார் என்று காட்டும் குடும்பப் பட்டியலின் நகல், எல்லாம் இணைத்துக் கொடுத்தேன். அக்கா எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்கு நடந்தார். கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், உன்னைச் சேர்த்துப் பார்த்தால் உனக்குக் கஷ்டம் என்றார்.

அந்தச் சொல்தான் இன்னும் எனக்குள் கிடக்கிறது. என்னால் பிள்ளையைப் பறிகொடுத்தவர், எனக்கு எந்தப் பெயரும் வந்துவிடக்கூடாது என்று பார்க்கிறார்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. வரும் என்று நானும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. முகாமிலிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்ததாம், ஒரு நிமிஷம். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டேன் பெரியம்மா என்றிருக்கிறான். அதற்குள் அடுத்தவனுக்குப் போனைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மிங்கலாடோனில் இருக்கும் தங்கையை அக்காதான் வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார், இரண்டு பஸ் மாறி. தனத்தின் டிபன் கேரியர் கழுவித் துடைத்து நாலாம் மாடி வாசலில் இருக்கிறது. அக்கா கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தனம் வந்து எடுக்கவில்லை.

அந்த அகராதியில் எனக்கான சொல்லைத் தேடினேன். செய்தவருக்குச் சொல் இருக்கிறது. உதவியவருக்கு, ஒளித்தவருக்கு, பேசியவருக்கு, காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்தவருக்கு எல்லாம் இருக்கிறது. எதுவும் தெரியாமல், யார் மீதும் கோபம் இல்லாமல், நாலு பேர் சிரிக்கட்டும் என்று வாயைத் திறந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ஒருவேளை மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

போன சனிக்கிழமை, முதல் முறையாக, அந்த மூன்று மாடியையும் ஏறினேன். அக்கா பால்கனியில் உட்கார்ந்திருந்தார். சுருட்டிய கயிறு பக்கத்தில். இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் மாற்றிவிடுகிறேன், மாடியையும் மாற்றிவிடுகிறேன், சென்னையில்தான் அச்சாகிறது என்றேன்.

"எழுதிக்கோ" என்றார். "முன்னாடி யார்கிட்டயும் சொல்லிப் பாக்காதே."

சொல்லிப் பார்க்கவில்லை, அக்கா.